“இனி யாரிடமும் கைகட்டி நிற்க மாட்டேன்!”

சொந்தத் தொழிலில் இறங்கும்படி மனிதனைத் தூண்டுவது எது?

இரவு ஒன்பது மணி. சாப்பாடு முடிந்துவிட்டது. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள்.

கணவன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் கடுகடுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன் அவன். அன்று மாலை, கடையில் கூட்டம் இருக்கும்போது முதலாளி அவனைத் திட்டிவிட்டார். துணி எடுத்துக் காட்டுவதில் சுறுசுறுப்பு போதவில்லையாம்!

“இனி யாருகிட்டேயும் கைகட்டி நிக்க மாட்டேன். சொந்தமா ஒரு கடை போடப் போறேன்” என்கிறான்.

மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வருகிறாள்.

“பணத்துக்கு எங்கே போறது?”

“உன் சங்கிலி இருக்கே! அதை அடகு வச்சா கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துடலாம். ஆறே மாசத்திலே மீட்டுத் தந்துடறேன்.”

அவளுடைய கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. அது ஐந்து பவுன் சங்கிலி. தாய்வீட்டில் போட்டது. மகளுக்கு ஆகட்டும் என்று அவள் காத்துவரும் ஒரே நகை.

அவள் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்:

“ஏங்க, இதைக் கோபத்திலே சொல்றீங்களா, யோசிச்சுச் சொல்றீங்களா?”

இந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் இருக்கிறது! உங்கள் தெருவிலும் இருக்கலாம். ஏன், உங்கள் வீட்டிலேயேகூட இந்தப் பேச்சு நடந்திருக்கலாம்.

அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை தேட வேண்டுமானால், இதற்கு முன்பு சொந்தத் தொழிலில் இறங்கியவர்களைப் பார்க்க வேண்டும். அவர்களைத் தள்ளியது எது? கோபமா? யோசனையா? பசியா? பண ஆசையா?

“பண ஆசைதான். வேறு என்ன?” என்று நீங்கள் சொல்லலாம்.

பண ஆசை யாருக்குத்தான் இல்லை? மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கும் இருக்கிறது. லாட்டரிச் சீட்டு வாங்கி ஏமாந்தவருக்கும் இருந்தது. எல்லோருக்கும் இருக்கும் ஆசை, சிலரை மட்டும் ஏன் கடை திறக்க வைக்கிறது?

அந்தச் சிலருடைய மனத்தில் ஒரு முள் தைத்திருக்கிறது. அது அவர்களைச் சும்மா உட்கார விடுவதில்லை. அந்த முள் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இதோ ஐந்து கதைகள். ஐந்தும் உண்மையாக நடந்தவை.

வானம் ஏமாற்றிய ஊர்

சிவகாசியைத் தெரியாதவர் உண்டா? தீபாவளி வந்தால் அந்த ஊரின் பெயர் எல்லோருடைய வாயிலும் இருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊருக்கு அந்தப் பெருமை இல்லை. மழை குறைவு. வானம் பார்த்த பூமி. விதைத்தால் விளையும் என்ற நிச்சயம் கிடையாது. வேலை செய்யக் கைகள் இருந்தன, வேலை இல்லை.

அந்தக் காலத்தில் நம் நாட்டு அடுப்புகளைப் பற்றவைத்தது ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும்தான். 1922-ம் ஆண்டில் அரசாங்கம், வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரியைக் கூட்டியது. உள்நாட்டில் தீப்பெட்டி செய்தால் விற்கலாம் என்ற நிலை உண்டாயிற்று.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் உறவினர்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவர அவர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். மொழி தெரியாத ஊர். பழக்கம் இல்லாத சாப்பாடு. மாதக்கணக்கில் அங்கே தங்கித் தொழிலைக் கற்றார்கள். 1923-ல் ஊர் திரும்பித் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை! விவசாயத்துக்கு எமனாக இருந்த வறட்சி, தீப்பெட்டிக்குத் தோழன் ஆயிற்று. தீக்குச்சியில் தோய்த்த மருந்து சீக்கிரம் காய வேண்டும். பெட்டியில் ஒட்டிய பசை காய வேண்டும். ஈரம் இல்லாத காற்று அதற்குக் கைகொடுத்தது. எந்தக் குறையை நினைத்து ஊர் அழுததோ, அந்தக் குறையே மூலதனமாக மாறிவிட்டது!

பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். ஒருவருடைய காக்கா மார்க்கும், இன்னொருவருடைய அணில் மார்க்கும் நாடெங்கும் பரவின. தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட வேண்டும் அல்லவா? அதனால் அச்சுத்தொழில் வளர்ந்தது. பட்டாசுத் தொழிலும் வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழில்களில் விபத்துகள் பல உயிர்களைக் குடித்திருக்கின்றன. பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் மருந்தில் கைவைத்த காலமும் இருந்தது. சிவகாசி வழக்கில்தான், 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு குழந்தைத் தொழிலாளர் பற்றிய முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தொடங்கியவரின் நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. தொழில் நடக்கும் விதமும் நல்லதாக இருக்கவேண்டும்.

சிவகாசியில் தைத்த முள், பஞ்சம்.

சிறுவனை மயக்கிய வண்டி

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893-ம் ஆண்டு அங்கே ஒரு பையன் பிறந்தான். படிப்பில் அவனுக்கு நாட்டம் இல்லை. பள்ளிக்கூடம் கசந்தது.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! பையன் திகைத்து நின்றான். அன்று முதல் அவனுக்குத் தூக்கம் இல்லை. அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்!

வளர்ந்ததும் அவர் கோவைக்கு வந்தார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசுமேல் காசு சேர்த்தார். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? பகுதி பகுதியாகக் கழற்றினார். மறுபடி பூட்டினார். இப்படியே யந்திரத்தைக் கற்றார்.

1920-ம் ஆண்டு ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். ஓட்டியவரும் அவரே. அந்த ஒரு பஸ் பல பஸ்களாகப் பெருகியது.

அவர்தான் ஜி. டி. நாயுடு! பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. நம் நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்யும் முயற்சியில் முன்னணியில் நின்றார். விதவிதமான கருவிகளை உருவாக்கினார். தொழிற்கல்வி தரும் பள்ளிகளுக்கு உதவினார்.

அவருக்குத் தைத்த முள்ளில் பசியும் இல்லை, கோபமும் இல்லை. ‘இது எப்படி ஓடுகிறது?’ என்ற ஆச்சரியம்தான் அந்த முள்.

மாடியில் ஏழு பெண்கள்

பம்பாயில் கிர்காம் என்பது நெருக்கமான பகுதி. அங்கே ஒரு குடியிருப்பில் குஜராத்திப் பெண்கள் பலர் வசித்தார்கள். காலையில் கணவன்மார் வேலைக்குப் போவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். சமையலை முடித்தபின் பகல் முழுவதும் ஓய்வு. ஆனால் கையில் காசு இல்லை.

“நமக்கு என்ன தெரியும்? படிப்பு இல்லை. சமையல்தான் தெரியும்” என்று அவர்கள் யோசித்தார்கள். தெரிந்ததைச் செய்வது என்று முடிவுசெய்தார்கள்.

ஒரு பெரியவரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். 1959-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, ஏழு பெண்கள் மாடியில் கூடி அப்பளம் இட்டார்கள். அன்று தேறியது எத்தனை பாக்கெட் தெரியுமா? நாலே நாலு! அதைத் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் விற்றார்கள்.

தொடங்கும்போதே அவர்கள் ஒரு சபதம் செய்துகொண்டார்கள். நஷ்டமே வந்தாலும் சரி, யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை!

மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. தொழில் நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளம், அடியில் அடுப்பு. மழையை வென்றுவிட்டார்கள்!

அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். அங்கே முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது. அத்தனை பேரும் பங்காளிகள். ‘சகோதரி’ என்றுதான் ஒருவரை ஒருவர் அழைக்கிறார்கள். ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சும்மா கிடந்த பகல் பொழுதும், சொந்தமாக ஒரு காசு இல்லாத குறையும் அவர்களைத் தைத்த முட்கள்.

சைக்கிளில் போன சோப்புத்தூள்

குஜராத் மாநிலத்தில் கர்சன்பாய் படேல் என்று ஒருவர். ரசாயனம் படித்தவர். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். பயம் இல்லாத வாழ்வு.

அப்போது துணி துவைக்கும் தூள் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது. பெரிய கம்பெனித் தூளை ஏழைகள் வாங்க முடியாது. அவர்கள் கட்டி சோப்பைத் தேய்த்துக் கை வலிக்க அடித்துத் துவைத்தார்கள். படேல் இதைப் பார்த்தார். “எனக்குத்தான் ரசாயனம் தெரியுமே! மலிவாக ஒரு தூள் செய்தால் என்ன?” என்று நினைத்தார்.

1969-ம் ஆண்டு, வீட்டின் பின்புறத்தில் சின்ன இடத்தில் தானே தூள் கலந்தார். தானே பாக்கெட் போட்டார். சைக்கிளில் வைத்துக் கட்டி, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வீடு வீடாக விற்றார். பெரிய கம்பெனித் தூளைவிடப் பல மடங்கு மலிவு. தம் அருமை மகள் நிருபமாவின் பெயரைச் சுருக்கி அதற்கு ‘நிர்மா’ என்று பெயர் வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தூள் விற்கத் தொடங்கியதும் அவர் வேலையை விட்டுவிடவில்லை. பகலில் உத்தியோகம்; மற்ற நேரத்தில் தொழில். ஏறக்குறைய மூன்று ஆண்டு இப்படி ஓட்டினார். தூள் தன்னைத் தாங்கும் என்று தெரிந்தபிறகுதான் சம்பளத்தைக் கைவிட்டார். சம்பளம் என்ற கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆற்றில் இறங்கி, ஆழம் பார்த்தார்!

ஏழைக்கு எட்டாத விலைதான் அவரைத் தைத்த முள்.

வீட்டைவிட்டு வந்த தம்பி

ஐந்தாவது கதை நம் கடலூரில் நடந்தது.

சின்னிகிருஷ்ணன் என்பவர், பொருள்களைச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டியவர். கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கும்படி எந்தப் பொருளையும் செய்யவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் காலமானபின், பிள்ளைகள் ஷாம்பு தொழிலை நடத்தினார்கள்.

அவர்களில் ஒரு தம்பி சி. கே. ரங்கநாதன். தொழிலை நடத்தும் விதத்தில் அவருக்கும் சகோதரர்களுக்கும் கருத்து வேற்றுமை ஏற்பட்டது. அவர் வெளியே வந்துவிட்டார். பாகம் கேட்டு வழக்குப் போடவில்லை. கையில் இருந்தது 15,000 ரூபாய். ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். 1983-ம் ஆண்டு சொந்தமாக ஷாம்பு செய்யத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சிக்’. சின்னிகிருஷ்ணன் என்ற தகப்பனார் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து பிறந்த பெயர் அது!

ஷாம்பு என்றால் என்ன என்று கிராமத்தார் பலருக்குத் தெரியாத காலம். கூட்டம் கூட்டி, ஒரு பையனுக்குத் தலை கழுவிக் காட்டினார்கள். காலி ஷாம்பு பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால், ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். விற்பனை ஏறியது. அந்தச் சின்ன அறையில் தொடங்கிய கம்பெனிதான் இன்று ‘கெவின்கேர்’.

இவரைத் தைத்தது ரோஷம் என்று சொல்லலாம். நம் ஜவுளிக்கடைக்காரருக்கு வந்ததும் ரோஷம்தானே? அப்படியானால் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா?

பொறுங்கள்! ரங்கநாதனுக்கு ரோஷம் மட்டும் இருக்கவில்லை. ஷாம்பு செய்யவும் தெரிந்திருந்தது.

வளையம் எறியும் விளையாட்டு

அமெரிக்காவில் டேவிட் மெக்கிளெல்லண்ட் என்று ஒரு மனநூல் பேராசிரியர் இருந்தார். மனிதனை உழைக்கத் தூண்டுவது எது என்பதையே ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர்.

திருவிழாக் கடைகளில் வளையம் எறிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவரும் ஒரு குச்சியை நட்டார். கையில் வளையங்களைக் கொடுத்தார். “எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று எறியலாம்” என்றார்.

சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். வளையம் தவறாது, ஆனால் அதில் என்ன பெருமை? சிலர் வெகுதூரத்தில் நின்றார்கள். விழுந்தால் அதிர்ஷ்டம்! இன்னும் சிலர் நடுவில் ஓர் இடத்தைத் தேடினார்கள். கொஞ்சம் சிரமம், முயன்றால் முடியும் என்ற தூரம். சாதிக்கும் ஆர்வம் அதிகம் உள்ளவர்கள் இந்த நடுத்தூரத்தில்தான் நிற்பார்கள் என்று அவர் கண்டார்.

தொழிலில் நிலைப்பவர் சூதாடி அல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி. இத்தகையவர்களுக்குப் பணம், பரீட்சையில் வாங்கும் மார்க்கு மாதிரி என்றும் அந்தப் பேராசிரியர் சொன்னார். ‘நான் செய்த வேலை சரிதான்’ என்று காட்டும் அடையாளமாகவே அவர்கள் லாபத்தைப் பார்க்கிறார்கள்.

இந்த ஆர்வம் பிறவிக்குணமா? கற்றுக்கொடுக்க முடியாதா? அதையும் அவர் சோதித்தார். அதுவும் நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில்! 1964-ம் ஆண்டை ஒட்டி, காக்கிநாடாவைச் சேர்ந்த சாதாரண வியாபாரிகளை ஐதராபாத்துக்கு அழைத்துச் சில நாள் பயிற்சி தந்தார்கள். எட்டக்கூடிய குறி ஒன்றை வைப்பது, அதற்கு வழி தேடுவது, செய்த பிறகு சரிபார்ப்பது ஆகியவற்றைப் பழக்கினார்கள். பிற்பாடு போய்ப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களில், பெறாதவர்களைவிட அதிகம் பேர் தொழிலைப் பெருக்கியிருந்தார்கள், புதுத்தொழில் தொடங்கியிருந்தார்கள்.

இப்போது நம் ஐந்து கதைகளையும் திரும்பப் பாருங்கள். கல்கத்தா போய்க் கற்றுவந்தபிறகு தீப்பெட்டி. பிரித்துப் பூட்டிப் பழகியபிறகு பஸ். நாலு பாக்கெட்டில் தொடங்கிய அப்பளம். சம்பளத்தை விடாமல் விற்ற சோப்புத்தூள். தெரிந்த ஷாம்பு. முள் தைத்தது மனத்தில். ஆனால் எல்லோரும் நின்று எறிந்தது, எட்டும் தூரத்தில்!

விரும்பி வந்தவரும் வேறு வழியின்றி வந்தவரும்

சொந்தத் தொழில் செய்கிற எல்லோருமே ஆசைப்பட்டு வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

விடியற்காலையில் தெருமுனையில் இட்லிக்கடை போடும் அம்மாளைப் பாருங்கள். குடிகாரக் கணவனோ, கணவனை இழந்த துயரமோ அவரை அடுப்படியிலிருந்து தெருவுக்கு அனுப்பியிருக்கலாம். வேலை கிடைத்தால் நாளைக்கே கடையைக் கட்டிவிடுவார். உலக நாடுகளில் புதுத்தொழில்களைக் கணக்கெடுக்கும் அறிஞர்களும், ‘வாய்ப்பைக் கண்டு வந்தவர்கள்’ என்றும், ‘வேறு வழியின்றி வந்தவர்கள்’ என்றும் இரண்டு வகை சொல்கிறார்கள்.

இரண்டாவது வகையைக் குறைவாக எண்ணவேண்டாம். எத்தனையோ பிள்ளைகள் அந்த இட்லியில்தான் படித்து முன்னுக்கு வந்திருக்கிறார்கள்! ஆனால் அவர்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு. ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அரிசி வாங்கும் பணம் மருந்துக்குப் போய்விடும். கந்துக்காரரிடம் கைநீட்டவேண்டி வரும்.

தோற்றவர்களும் உண்டு. அவர்களுடைய கதை யாருக்கும் தெரிவதில்லை. மூடிய கடைக்கு முன்னால் யாரும் நின்று விசாரிப்பதில்லை அல்லவா? அமெரிக்காவில் அரசாங்கம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறக்குறையப் பாதி, ஐந்து ஆண்டுக்குள் நின்றுவிடுகின்றன. அத்தனை பணமும் படிப்பும் உள்ள நாட்டிலேயே இப்படி!

ஆகவே, இறங்குமுன் உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: என்னைத் தைத்த முள் எது? கோபம் மட்டும்தான் என்றால், பத்து நாள் பொறுங்கள். கோபம் தணிந்தபிறகும் எண்ணம் தணியவில்லை என்றால், அது கோபம் அல்ல, அதை நம்பலாம்.

இரண்டு: எனக்குத் தெரிந்த வேலை எது? அடுத்தவன் ஓட்டலில் கூட்டம் இருக்கிறது என்பதற்காக நாமும் ஓட்டல் வைப்பது, பக்கத்து இலைக்குப் பாயசம் வருகிறதே என்று பசியில்லாமல் உட்கார்ந்த கதை.

மூன்று: போனால் தாங்குமா? இன்று கடன் கிடைப்பது முன்போல் அரிது அல்ல. 2015-ம் ஆண்டு வந்த முத்ரா திட்டத்தில், சின்னத் தொழிலுக்கு அடகு இல்லாமலே பாங்கிக் கடன் தருகிறார்கள். அதில் ‘சிசு’ என்ற முதல் பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். ஆனால் அடகு இல்லாத கடனும் கடன்தான். திருப்பிக் கட்டவேண்டும். வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். இரண்டு டப்பா, இரண்டு நோட்டு வேண்டும். கல்லாப்பெட்டியில் உள்ளதெல்லாம் லாபம் என்று நினைத்தவர் கடைதான் முதலில் மூடுகிறது.

சங்கிலி என்ன ஆயிற்று?

இனி, அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

“கோபத்திலே சொல்றீங்களா, யோசிச்சுச் சொல்றீங்களா?” என்று மனைவி கேட்டாள் அல்லவா? கணவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்:

“கோபம்தான். ஆனா, ரெண்டு வருஷமா மனசிலே இருக்கிற எண்ணம்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சரி. நீங்க வேலை பார்க்கிற கடைக்கு வர்றவங்க எதைக் கேட்டு, இல்லேன்னு திரும்பிப் போறாங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. யோசித்தான். முகத்தில் கடுகடுப்பு போய், வேறு ஒரு களை வந்தது.

“ரெடிமேட் ஜாக்கெட்! கொஞ்சம் உடம்பான பொம்பளைங்களுக்கு அளவு கிடைக்கிறதில்லே. கூச்சப்பட்டுக்கிட்டு, சொல்லாமலே போயிடறாங்க. தினம் நாலு பேராவது.”

“என் தையல் மிஷின் மூலையிலே தூங்குது. பத்து ஜாக்கெட்டுக்குத் துணி வாங்கிட்டு வாங்க. நான் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம்ம தெருவிலே கொடுத்துப் பார்ப்போம். ஆனா ஒண்ணு, உங்க முதலாளி கடை வாசலிலே வச்சு விக்கக் கூடாது. அது நியாயம் இல்லே. வேலையையும் இப்ப விடக் கூடாது.”

“பத்து ஜாக்கெட்தானா?” என்று அவன் சிரித்தான்.

பத்து என்றால் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் பம்பாய் மாடியில் அந்த ஏழு பெண்கள் முதல்நாள் விற்றது நாலு பாக்கெட் அப்பளம் என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கே ஆறு கூடுதலாகவே இருக்கிறது!

பத்தும் விற்றால், அடுத்த வாரம் இருபது. விற்காவிட்டால், போவது கொஞ்சம் துணியும் நூலும். எந்த அளவு ஓடுகிறது, எந்த நிறத்தைக் கேட்கிறார்கள் என்ற பாடம் மிச்சம். அந்தப் பாடத்தை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பின்னால் கடை போடும்போது அதுவே முதல் மூலதனம்.

விளக்கை அணைக்குமுன் அவள் மூலையிலிருந்த தையல் மிஷினின் தூசியைத் துடைத்தாள். சக்கரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள்.

சங்கிலி அவள் கழுத்திலேயே இருந்தது.